ஓவியரின் இடமும் பொழுதும்: கலைக்கூடத்தையும் அன்றாட ஒழுங்கையும் அமைத்துக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

20ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் போலோன்யா நகரில் ஓவியர் ஜார்ஜோ மொராண்டி தம் மூன்று சகோதரிகளுடன் வாழ்ந்த வீட்டில், அவர் உறங்கிய அறையும் ஓவியம் தீட்டிய அறையும் ஒன்றே. அங்கே மேசைமேலும் அலமாரியிலும் நிறைந்திருந்தவை புட்டிகள், குவளைகள், தகர டப்பாக்கள், பூச்சாடிகள். பளபளப்பு கண்ணைக் குழப்பாமல் இருக்கச் சில புட்டிகளுக்கு மங்கலான வண்ணம் பூசினார். அவற்றின்மேல் படிந்த தூசியைத் துடைக்காமல் விட்டார். எந்தப் பொருள் எங்கே நின்றது என்பதை மேசையில் விரித்த தாளில் பென்சிலால் கோடிட்டு வைத்தார். அதே நூற்றாண்டில், லண்டனின் ரீஸ் மியூஸ் சந்தில் 7ஆம் எண் வீட்டில், ஓவியர் பிரான்சிஸ் பேக்கன் 1961 முதல் 1992இல் இறக்கும்வரை பயன்படுத்திய அறையில் கால் வைக்க இடமில்லை. கிழிந்த இதழ்ப் பக்கங்களும், மடங்கிக் கசங்கிய ஒளிப்படங்களும், காய்ந்த தூரிகைகளும், காலி வண்ணக் குப்பிகளும் தரையெங்கும் குவிந்து கிடந்தன. சுவரையும் கதவையும் அவர் வண்ணத்தட்டாகவே பயன்படுத்தினார். அவர் மறைவுக்குப் பின் அந்த அறையை அப்படியே பெயர்த்தெடுத்து டப்ளின் நகரின் ஹியூ லேன் கலைக்காட்சியகத்தில் நிறுவியபோது, அதிலிருந்த 7,000க்கும் மேற்பட்ட பொருள்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டார்கள்.

இந்த இரண்டு அறைகளில் எதைப் பின்பற்றுவது என்று கேட்டால் விடை கிடைக்காது. ஒரு புட்டிக்கும் அடுத்த புட்டிக்கும் இடையே உள்ள விரலளவு இடைவெளி பல நாட்கள் மாறாமல் இருக்க வேண்டும் என்பது மொராண்டியின் தேவை. தேடாத ஒரு படம் காலில் தட்டுப்பட்டு, அதன் கசங்கலும் கறையும் சேர்ந்து புதியதோர் உருவத்தைக் காட்ட வேண்டும் என்பது பேக்கனின் தேவை. ஒருவரின் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்குப் பின்னால் இருந்த தேவையை விட்டுவிட்டால், நமக்கு மிஞ்சுவது தூசியும் குப்பையும்தான். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கேள்வியை வைத்து நகர்கிறது: உங்கள் வேலை எந்த இடத்தில் தடைப்படுகிறது? இடம், ஒளி, கருவி, நேரம் ஆகிய எல்லாவற்றையும் அந்தத் தடையை மனத்தில் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

படி 1: ஒரு வாரத்தை உள்ளபடி எழுதிப் பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் ஏழு நாட்களுக்கு ஒரு குறிப்பேட்டை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு அமர்ந்த நேரம், எழுந்த நேரம், எழுந்ததற்கான காரணம் ஆகிய மூன்றை மட்டும் எழுதினால் போதும். மூன்றாவதுதான் முக்கியமானது. "வெளிச்சம் போய்விட்டது", "வெள்ளை வண்ணம் தீர்ந்தது", "கழுத்து வலித்தது", "அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை", "தொலைபேசி அழைப்பு" என்று வாரக் கடைசியில் ஒரு பட்டியல் சேர்ந்துவிடும். நேரமே இல்லை என்று நம்பியிருந்த பலருக்கு, நேரம் துண்டுதுண்டாக இருந்ததும், ஒவ்வொரு துண்டின் முதல் இருபது நிமிடங்கள் பொருள்களை எடுத்து வைப்பதிலேயே கழிந்ததும் அப்போதுதான் தெரியவரும்.

அதே குறிப்பேட்டில் உங்கள் வேலைகளையும் பிரித்துக்கொள்ளுங்கள். கண்ணும் தீர்மானமும் கூர்மையாக இருக்க வேண்டிய வேலை ஒரு வகை: அமைப்பை முடிவு செய்வது, வண்ணம் கலப்பது, முகத்தைத் தீட்டுவது. கை மட்டும் போதுமான வேலை இன்னொரு வகை: கித்தான் எனும் ஓவியத்துணியை இழுத்துச் சட்டத்தில் அறைவது, அடிப்பூச்சு பூசுவது, தாளை வெட்டுவது, தூரிகை கழுவுவது. களைத்த மாலையில் முதல் வகை வேலையை இழுத்துப்போட்டுக்கொண்டு, தெளிந்த காலையில் இரண்டாம் வகை வேலையைச் செய்து தீர்ப்பதே நான் மற்றவர்களிடமும் என்னிடமும் அதிகம் கண்ட தவறு.

படி 2: வரைவதற்கான பொருள் வந்து சேரும் வழிகளை அமையுங்கள்

உந்துதல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு, வேலை செய்யும் ஓவியர்களின் நோட்டுகளைப் போல் தெளிவாக விடை சொல்பவை வேறில்லை. ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822ஆம் ஆண்டுகளில் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் நின்று மேகங்களை மட்டுமே மீண்டும் மீண்டும் தீட்டினார். அந்தச் சிறு ஓவியங்கள் பலவற்றின் பின்புறத்தில் தேதி, நேரம், காற்று வீசிய திசை ஆகியவற்றைக் குறித்தும் வைத்தார். அவர் காலத்து ஓவியர் டர்னர் விட்டுச்சென்ற ஸ்கெட்ச் நோட்டுகள் ஏறத்தாழ 300. சாந்திநிகேதனில் நந்தலால் போஸ் அஞ்சலட்டைகளிலேயே வரைந்து நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் அனுப்பிவந்தார். இவர்கள் எவரும் பெரிய ஓவியத்துக்கான எண்ணம் தோன்றட்டும் என்று காத்திருக்கவில்லை. சிறிய கவனிப்புகளைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். அந்தச் சேர்மானத்திலிருந்து பெரியவை எழுந்தன.

உங்கள் பைக்குள் அடங்கும் அளவில் ஒரு நோட்டு வாங்குங்கள். உயர்ந்த தாளாக இருந்தால் கை தயங்கும். ஆகையால் நடுத்தரமானதே நல்லது. ஒவ்வொரு வரைவின் ஓரத்திலும் தேதி, நேரம், ஒளி வந்த திசை ஆகியவற்றோடு, எதற்காக நின்று பார்த்தீர்கள் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். என் நோட்டில் ஒரு பக்கத்தில், கொடியில் உலரும் ஈரத்துணியின் கீழ்விளிம்பு மட்டும் இருக்கிறது. நீர் இறங்கிச் சேர்ந்த அந்த இரண்டங்குலப் பட்டை, மேலே உலர்ந்த பகுதியைவிட இரண்டு படி கருமையாகவும், அதே சமயம் வெயில் ஊடுருவியதால் உள்ளிருந்து ஒளிர்வதாகவும் தெரிந்தது. "கருப்பாக இருந்தும் மங்கவில்லை" என்று அதன் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பல மாதங்களுக்குப் பின் ஒரு ஓவியத்தின் நிழல் பகுதி செத்துக் கிடந்தபோது எனக்கு உதவியது அந்த ஒரு வரிதான். நோட்டில் இருந்த கோடுகளால் அதைச் சொல்லியிருக்க முடியாது.

கைப்பேசியில் படம் எடுப்பதை நான் தடுக்கமாட்டேன். ஆனால் ஒளிப்படத்தில் நிழல்கள் பெரும்பாலும் உண்மையில் இருப்பதைவிடக் கருத்துப்போய், அவற்றுக்குள் இருக்கும் வண்ணம் காணாமல் போகிறது. படம் எடுத்தாலும், நிழலுக்குள் என்ன வண்ணம் தெரிந்தது என்பதை அந்த இடத்திலேயே எழுதிவிடுங்கள்.

இரண்டாவது வழி, பொருள்களைச் சேர்ப்பது. 1656இல் ரெம்ப்ராண்ட் கடனில் மூழ்கியபோது அவர் வீட்டில் எடுக்கப்பட்ட பட்டியலில் சிப்பிகள், பவளங்கள், ஆயுதங்கள், மார்பளவுச் சிலைகள், பிற ஓவியர்களின் அச்சுப்படங்கள் எல்லாம் இருந்தன. நைஜீரியாவின் இன்சுக்கா நகரில் வாழ்ந்து வேலை செய்த சிற்பி எல் அனட்சுயி, 1990களின் இறுதியில் மதுப்புட்டி மூடிகள் நிறைந்த ஒரு பையைக் கண்டெடுத்து வந்தார். பிறகு அவற்றைத் தட்டித் தட்டையாக்கிச் செப்புக் கம்பியால் கோத்து, சுவரளவு விரியும் உலோகத் துணிகளாக மாற்றினார். ஓர் அட்டைப்பெட்டியும், அதில் காரணம் தெரியாமலே போட்டுவைக்கும் உரிமையும் உங்களுக்கு வேண்டும். மாதம் ஒருமுறை அதைத் தரையில் கொட்டிப் பாருங்கள். மீண்டும் மீண்டும் கையில் எடுக்கத் தூண்டும் பொருளே உங்கள் அடுத்த வேலையின் தொடக்கமாக இருக்கலாம்.

மூன்றாவது வழி, ஒன்றையே திரும்பத் திரும்பப் பார்ப்பது. பிரெஞ்சு ஓவியர் செசான் செய்ன்ட் விக்டுவார் மலையை விடவில்லை. ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் ஃபூஜி மலைக்காக முப்பத்தாறு காட்சிகள் என்று தொடங்கிய வரிசை 46 அச்சுகளாக வளர்ந்தது. புதிய பொருளைத் தேடி அலைவதைவிட, ஒரே பொருளைப் பத்தாவது முறை வரைவது கடினம் என்பது உண்மைதான். எனினும் முதல் மூன்று முறையில் நாம் வரைவது நமக்கு முன்பே தெரிந்ததை. அதற்குப் பிறகுதான் கண் திறக்கத் தொடங்குகிறது. பார்வையைக் குவிக்க ஒரு எளிய கருவியும் உண்டு. அமெரிக்கக் கலைஞரும் ஆசிரியருமான கொரீட்டா கென்ட் தம் மாணவர்களிடம் நடுவில் சதுர ஓட்டை வெட்டிய அட்டைத்துண்டைக் கொடுத்து, அதன் வழியாக உலகைப் பார்க்கச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் செய்துவிடக்கூடியது. நோட்டின் பின்னட்டையில் செருகி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: இடத்தை வேலையின் அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள்

ஜார்ஜியா ஓ'கீஃப் நியூ மெக்சிகோவின் பாலைநிலத்தைத் தீட்டுவதற்காகத் தம் காரின் முன்னிருக்கையைத் திருப்பி வைத்து, பின்னிருக்கையில் கித்தானைச் சாய்த்துக்கொண்டு, வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் தப்பி உள்ளேயே வேலை செய்தார். 1925இல் பேருந்து விபத்தில் முதுகெலும்பு முறிந்த ஃப்ரீடா காலோவுக்கு, படுத்தபடியே வரைய ஒரு தாங்கியும் கட்டிலின் மேற்கூரையில் ஒரு கண்ணாடியும் பொருத்தப்பட்டன. ஜாக்சன் பொல்லாக் சுற்றிச்சுற்றி நடந்து வண்ணத்தை ஊற்ற வேண்டியிருந்ததால், ஒரு மரக்கொட்டகையின் தரையையே பயன்படுத்தினார். மூவருக்கும் இடம் என்பது உடலின் அசைவைப் பொறுத்ததாக இருந்தது. நீங்கள் மணிக்கட்டால் வரைகிறீர்களா, முழங்கையால் வரைகிறீர்களா, தோளால் வரைகிறீர்களா என்பதை முதலில் கவனியுங்கள். மணிக்கட்டுக்கு ஒரு மேசை போதும். தோளுக்கு ஒரு சுவர் வேண்டும்.

அடுத்து, பின்வாங்கும் தூரம். ஓவியத்தின் நீண்ட பக்கத்தைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு தூரம் பின்னால் செல்ல முடியாவிட்டால், முழு அமைப்பையும் ஒரே பார்வையில் எடைபோட முடியாது. ஒரு மீட்டர் அகலக் கித்தானுக்கு இரண்டு மீட்டராவது வேண்டும். அறை சிறியதென்றால் கதவைத் திறந்து வைத்து வெளியிலிருந்து பார்க்கலாம். அதுவும் இயலாவிட்டால் ஓவியத்தின் அளவைக் குறைப்பதே நேர்மையான தீர்வு. முடித்த ஓவியம் வெளியே போகும் வழியையும் முன்பே அளந்துவிடுங்கள். செசான் 1902 முதல் பயன்படுத்திய லோவ் கலைக்கூடத்தின் சுவரில், பெரிய கித்தான்களை உள்ளேயும் வெளியேயும் கொண்டுபோவதற்கென்றே உயரமான, ஒடுங்கிய பிளவு ஒன்று விடப்பட்டிருந்தது.

தனி அறை இல்லாதவர்களுக்கு நான் சொல்லும் ஒரே விதி, வேலையை முழுவதுமாக எடுத்து மூட வேண்டிய நிலை வரக்கூடாது என்பது. தூக்கி நகர்த்தக்கூடிய ஒரு பலகையில் தாள், வண்ணம், தூரிகை, துணி எல்லாம் அப்படியே கிடக்கட்டும். இரவில் பலகையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, காலையில் வெளியே இழுத்தால் இருபது நிமிட ஆயத்தம் இரண்டு நிமிடமாகச் சுருங்கும்.

கூடி வேலை செய்வதும் ஒரு வழி. சென்னையை அடுத்த சோழமண்டலம் கலைஞர் கிராமம் 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் தொடங்கியபோது, ஓவியர்கள் பாத்திக் (மெழுகிட்டுத் துணியில் சாயமேற்றும் முறை) முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்த வருவாயில் நிலம் வாங்கி, வீடும் கலைக்கூடமும் அமைத்துக்கொண்டார்கள். ஓவியத்துக்கான நேரத்தைக் கைத்தொழில் காப்பாற்றிக் கொடுத்தது. பகிர்ந்த இடத்தில் சேரும் முன், அமைதிக்கான நேரம் எது, டர்பென்டைன் போன்ற கரைப்பான் பயன்படுத்தலாமா, உலரும் ஓவியத்தை எங்கே வைப்பது ஆகிய மூன்றையும் பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

படி 4: ஒளியைச் சரிசெய்யுங்கள்

பலர் அதிகம் செலவிடுவது ஓவியத்தாங்கிக்கு. மிகக் குறைவாகச் செலவிடுவது விளக்குக்கு. இதைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மஞ்சள் குமிழ் விளக்கின் கீழ், ஐந்து இரவுகள் தொடர்ந்து ஓர் அறையின் உட்புறத்தைத் தீட்டினேன். வெள்ளைச் சுவரில் சாயும் நீல நிழல்தான் அந்த ஓவியத்தின் உயிர். ஆறாம் நாள் காலையில் சன்னலருகே கொண்டுபோய் வைத்தபோது, வெள்ளை என்று நம்பித் தீட்டிய சுவர் எலுமிச்சை மஞ்சளாக நின்றது. நிழலோ மைக்குப்பி கவிழ்ந்ததுபோல் அடர்நீலமாக இருந்தது. காரணம் எளிது. மஞ்சள் விளக்கில் நீலக் கதிர்கள் குறைவு. ஆகவே நீல வண்ணம் உள்ளதைவிட மங்கிச் சாம்பலாகத் தெரியும். கை தானாகவே மேலும் நீலத்தைச் சேர்க்கும். வெள்ளைக்கும் வெளிர்மஞ்சளுக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒளியில் ஏறக்குறைய மறைந்துவிடும். ஐந்து இரவு வேலையையும் சுரண்டி எடுத்தேன்.

பகல் ஒளியைப் பொறுத்தவரை, பூமியின் வடபாதியில் இருப்பவர்கள் வடக்குச் சன்னலையும், தென்பாதியில் இருப்பவர்கள் தெற்குச் சன்னலையும் தேடுவது பழைய வழக்கம். நேர்வெயில் விழாமல் வானத்தின் ஒளி மட்டும் வருவதால் அது மணிக்கணக்கில் பெரிதாக மாறுவதில்லை. வெப்பமண்டலத்தில் ஆண்டின் ஒரு பகுதியில் சூரியன் அந்தப் பக்கத்துக்கே சாய்ந்துவிடும் என்பதால், மெல்லிய வெள்ளைத் திரை ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். செயற்கை விளக்கு வாங்கும்போது பெட்டியின்மேல் இரண்டு எண்களைப் பாருங்கள்: வண்ண வெப்பநிலை 5,000 கெல்வின் அளவிலும், வண்ணங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. எண் 90க்கு மேலும் இருக்க வேண்டும். வண்ணத்தட்டின்மேல் ஒரு விளக்கு, ஓவியத்தின்மேல் வேறொரு விளக்கு என்று இருந்தால் இரண்டும் ஒரே வகையாக இருப்பது கட்டாயம். வலக்கையால் வரைபவர்களுக்கு ஒளி இடப்பக்க மேலிருந்து வரட்டும். அப்போதுதான் கையின் நிழல் கோட்டின்மேல் விழாது.

சுவருக்கு வெளிர்சாம்பல் அல்லது மங்கிய வெள்ளை பூசுங்கள். அடர்சிவப்புச் சுவரும் சிவப்புச் சட்டையும் ஈரமான வண்ணத்தில் பிரதிபலித்து ஏமாற்றும். கணினியில் வரைபவர்கள் திரையின் வண்ண அளவீட்டைச் சரிசெய்து, ஒளியளவை நாளெல்லாம் ஒரே நிலையில் வைப்பது இதே காரணத்துக்காகத்தான்.

படி 5: கருவிகளுக்கு இடம் குறியுங்கள், உடலைக் காத்துக்கொள்ளுங்கள்

வண்ணத்தட்டில் வண்ணங்களை எப்போதும் ஒரே வரிசையில் வையுங்கள். கண்புரையால் வண்ணங்கள் குழம்பிய ஆண்டுகளில், 1923இல் அறுவை சிகிச்சை செய்துகொள்ளும்வரை, கிளாட் மோனே குழாய்களின் பெயர்ச்சீட்டையும் தட்டில் வண்ணங்கள் இருக்கும் வரிசையையும் நம்பியே தீட்டினார். பார்வை நன்றாக இருக்கும் நமக்கும், தேடாமலே தூரிகை சென்று தொடும் இடம் நினைவில் இருந்தால் கவனம் ஓவியத்திலேயே நிற்கும். கழுவிய தூரிகையைப் படுக்கவைத்தோ தலைகீழாகத் தொங்கவிட்டோ உலர்த்துங்கள். மயிர்ப்பகுதி அடியில் இருக்கும்படி நீர்க்குவளையில் விட்டுவைத்தால் ஓரிரவில் வளைந்துவிடும்.

ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடவே கூடாது. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து உலரும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. குவியலுக்குள் அந்த வெப்பம் தேங்கி, தீப்பொறியே இல்லாமல் துணி பற்றிக்கொள்ளும். நீர் ஊற்றிய, மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள். டர்பென்டைன் முதலான கரைப்பான்களைத் திறந்த சன்னல் இல்லாத அறையில் பயன்படுத்தாதீர்கள்; கழிவைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஈயவெள்ளையும் காட்மியம் வண்ணங்களும் நச்சுத்தன்மை உள்ளவை என்பதால், தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். பாஸ்டல் எனும் வண்ணக்கட்டியின் தூளை வாயால் ஊதாமல், ஓவியத்தைச் செங்குத்தாக நிறுத்தித் தட்டி உதிர்த்து, தரையை ஈரத்துணியால் துடையுங்கள்.

படி 6: ஊடகத்தின் வேகத்தைக் கொண்டு நாளைப் பிரியுங்கள்

ஈரச் சுதையில் தீட்டும் சுவரோவியத்தில், சுதை காயும் முன் வண்ணத்தை ஏற்றிவிட வேண்டும். எனவே ஒரு நாளில் தீட்டி முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே சுதை பூசுவார்கள். இத்தாலிய மொழியில் அந்தத் துண்டுக்கு "ஜோர்னாட்டா", அதாவது ஒரு நாள் வேலை, என்றே பெயர். மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரையில் வரைந்ததும் இப்படி நாள் நாளாகத்தான். உங்கள் ஊடகத்துக்கும் இப்படி ஒரு கடிகாரம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. எண்ணெய் வண்ணம் நீர்போல் ஆவியாகி உலர்வதில்லை. ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுகிறது. மெல்லிய பூச்சுக்கே சில நாட்கள் ஆகும் என்பதால், எண்ணெயில் தீட்டுபவர் மூன்று நான்கு ஓவியங்களைச் சுழற்சியில் வைத்திருப்பதே முறை. நீர்வண்ணத்தில் ஈரம் இருக்கும் சில நிமிடங்களே எல்லாம். அதற்குத் தடையற்ற ஒரு மணி நேரம் வேண்டும், நாள் முழுவதும் தேவையில்லை. அக்ரிலிக் நிமிடங்களில் காய்வதால், துண்டு நேரங்களில் வேலை செய்பவர்களுக்கு அதுவே நல்ல தோழன்.

ஜேக்கப் லாரன்ஸ், அமெரிக்கத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கறுப்பின மக்கள் இடம்பெயர்ந்ததைப் பற்றி 1940–41இல் தீட்டிய 60 பலகைகளை இங்கே நினைவுகூர வேண்டும். நூலகத்தில் மாதக்கணக்கில் படித்துக் குறிப்பெடுத்தபின், எல்லாப் பலகைகளையும் ஒன்றாகப் பரப்பி, ஒரு வண்ணத்தை எடுத்து அது வரவேண்டிய இடங்களிலெல்லாம் பூசி முடித்து, பிறகே அடுத்த வண்ணத்துக்குச் சென்றார். 60 படங்களும் ஒரே குடும்பமாகத் தெரிவதற்கு அந்த முறையே காரணம். தொடர் ஓவியம் செய்பவர்கள் இதைச் சிறு அளவில், ஐந்து தாள்களோடு, முயன்று பார்க்கலாம்.

படி 7: தொடங்கும் விதத்தையும் நிறுத்தும் விதத்தையும் பழகுங்கள்

எந்த நேரம் சிறந்தது என்பதில் கலைஞர்கள் ஒத்துப்போவதில்லை. பிக்காசோ பிற்பகலில் தொடங்கி இரவு வெகுநேரம் தீட்டினார். லூயிஸ் பூர்ஷ்வா உறக்கம் வராத இரவுகளில், 1994 நவம்பர் முதல் 1995 ஜூன் வரை, 220 வரைவுகளைச் செய்தார். யாயோய் குசாமா 1977 முதல் டோக்கியோவில் ஒரு மனநல மருத்துவமனையில் தம் விருப்பப்படி தங்கி, அருகிலுள்ள கலைக்கூடத்துக்குச் சென்று வேலை செய்வதை வழக்கமாகக் கொண்டார். ஓன் கவாரா 1966 ஜனவரி 4 அன்று தொடங்கிய தேதி ஓவியங்களில், அன்றைய தேதியைத் தாங்கிய ஓவியத்தை நள்ளிரவுக்குள் முடிக்காவிட்டால் அழித்துவிடுவது என்று தமக்கே விதி வகுத்துக்கொண்டார். முதல் படியில் எழுதிய குறிப்பேட்டைத் திறந்து, இடையூறு குறைந்திருந்த நேரம் எது என்று பாருங்கள். அதுவே உங்கள் நேரம். ஒன்றரை மணி நேரமே கிடைத்தாலும் ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் அது இருக்கட்டும்.

தொடக்கத்தில் தீர்மானம் தேவைப்படாத ஒரு வேலையை வையுங்கள். நான் முதல் பத்து நிமிடங்கள் வண்ணத்தட்டை அடுக்கி, வெள்ளையோடு கறுப்பைக் கலந்து ஐந்து படிச் சாம்பல் செய்வேன். கை சூடேறுவதற்குள் கண்ணும் விழித்துக்கொள்கிறது. அந்தச் சாம்பல்களும் வீணாவதில்லை. கைப்பேசி வேறு அறையில் இருக்கும்.

நிறுத்துவதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மறுநாள் வேலை நடக்குமா என்பது அங்கேயே முடிவாகிறது. களைத்துப்போய், தவறுகள் பெருகி, வெறுப்போடு தூரிகையைக் கீழே வைக்கும்வரை இழுக்காதீர்கள். அடுத்து என்ன செய்வது என்பது தெளிவாகத் தெரிந்திருக்கும்போதே நிறுத்துங்கள். நிறுத்தும் முன் ஒரு சீட்டில், "இடது கன்னத்தின் அடியில் பச்சை கலந்த சாம்பல், மேசை விளிம்பைத் தொடாதே" என்பதுபோல் ஓரிரு கட்டளைகளை எழுதி, ஓவியத்தின் மேல்மூலையில் செருகுங்கள். எது நன்றாக இருக்கிறது என்பதையும் அதில் குறியுங்கள். மறுநாள் காலைப் பதற்றத்தில் நாம் முதலில் அழித்துவிடுவது பெரும்பாலும் அந்த நல்ல பகுதியைத்தான். பிறகு தூரிகைகளைக் கழுவுங்கள். நீர் தெளியும்வரை கழுவும் அந்தப் பத்து நிமிடங்களில் மனம் தானாக அடங்கும்.

படி 8: பார்ப்பதற்கென ஒரு நாற்காலி

கலைக்கூடத்தில் தீட்டுவதற்கு ஓர் இருக்கை, பார்ப்பதற்கு மட்டும் இன்னொன்று வேண்டும். அதில் அமரும்போது கையில் தூரிகை இருக்கக்கூடாது. லியோனார்டோ டா வின்சி தம் குறிப்புகளில், வேலையை விட்டுச் சற்று விலகிப்போய்த் திரும்பி வந்தால் தீர்ப்பு தெளிவாக இருக்கும் என்றும், ஓவியத்தைக் கண்ணாடியில் திருப்பிப் பார்த்தால் அது பிறர் கைவேலைபோல் தெரிந்து பிழைகள் புலப்படும் என்றும் அறிவுறுத்தினார். ஒரு சிறு கண்ணாடியை நாற்காலிக்கு எதிரே மாட்டுங்கள். கைப்பேசியில் ஓவியத்தைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தால், ஒளி-நிழல் அளவு எங்கே சரிந்திருக்கிறது என்பது உடனே தெரியும்.

படி 9: ஓவியம் சாராத வேலைகளை ஒரு நாளுக்குள் அடக்குங்கள்

கடிதங்கள், கணக்கு, பொருள் வாங்குதல், அனுப்புதல் ஆகியவற்றுக்கு வாரத்தில் ஒரு பிற்பகலை ஒதுக்குங்கள். முடித்த ஒவ்வொரு ஓவியத்துக்கும் தலைப்பு, அளவு, ஊடகம், ஆண்டு, யாரிடம் இருக்கிறது என்ற ஐந்து விவரங்களோடு ஒரு நல்ல ஒளிப்படத்தையும் பதிந்துவையுங்கள். கணினிக் கோப்புகளுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பில், அவற்றில் ஒன்று வேறிடத்தில் இருக்க வேண்டும். எண்ணெய் ஓவியத்துக்கு வார்னிஷ் பூச ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பொறுத்திருப்பதே வழக்கம் என்பதால், முடித்த தேதியைப் பின்புறத்தில் எழுத மறக்காதீர்கள்.

படி 10: உடலும் வாழ்வும் மாறும்போது ஒழுங்கைப் புதிதாக அமையுங்கள்

1941இல் பெரிய வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பின் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸால் நெடுநேரம் நின்று தீட்ட முடியவில்லை. உதவியாளர்கள் தாள்களில் வண்ணம் பூசிக் கொடுக்க, அவர் நாற்காலியிலோ கட்டிலிலோ அமர்ந்து கத்தரிக்கோலால் வடிவங்களை வெட்டினார். அவற்றைச் சுவரில் எங்கே குத்துவது என்று சொல்லிச்சொல்லி இடம் மாற்றவைத்தார். நீண்ட கோலின் முனையில் கரித்துண்டைக் கட்டிச் சுவரிலும் வரைந்தார். சாந்திநிகேதன் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி 1950களில் கண் அறுவை சிகிச்சை பலிக்காமல் பார்வையை முற்றிலும் இழந்தார். அதன்பின் காகிதத்தை வெட்டி ஒட்டியும், விரல்களால் தடவிச் சிற்பங்கள் செய்தும் வேலையைத் தொடர்ந்து, 1972இல் சாந்திநிகேதனில் ஓடுகளாலான ஒரு சுவரோவியத்தையும் படைத்தார்.

ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முதல் படியில் செய்த ஒரு வாரக் குறிப்பை மீண்டும் எடுங்கள். எழுந்ததற்கான காரணங்கள் மாறியிருக்கும். வேலை பல வாரங்கள் நின்றுபோயிருந்தால், விட்டுவைத்த பெரிய ஓவியத்தின் முன் போய் நிற்காதீர்கள். உள்ளங்கை அளவுத் தாளில், கைக்கு எட்டும் ஒரு பொருளைப் பதினைந்து நிமிடம் வரையுங்கள். மறுநாளும் அதையே செய்யுங்கள். சென்ற முறை என் குறிப்பில் "தோள் வலி" என்பது ஒரே வாரத்தில் நான்கு முறை வந்திருந்தது. ஓவியத்தாங்கியை ஒரு சாண் இறக்கி, கீழ்ப்பகுதியைத் தீட்டும்போது உட்கார்ந்துகொள்ள ஒரு குட்டை முக்காலியும் செய்துகொண்டேன். இப்போது ஓவியத்தின் நடுப்பகுதி என் கண்மட்டத்தில் நிற்கிறது.